எட்டு மணி சீரியலுக்கு நான் சொன்ன தீர்ப்பு

டிவி பார்ப்பதைப் பற்றி ஆண்கள் பொய் சொல்லுகிற ஊர் எங்களுடையது. தெருவில் எவனைக் கேட்டாலும் நியூஸ் மட்டும்தான் பார்ப்பேன் என்பான். அதே ஆள் மறுநாள் டீக்கடையில் உட்கார்ந்து, மருமகளின் நகையை எடுத்தது நாத்தனார் அல்ல, சின்ன மாமியார்தான் என்று ஆதாரத்தோடு வாதாடிக்கொண்டிருப்பான். நான் அப்படிப் பொய் சொல்வதில்லை. நான் சீரியல் பார்ப்பவன். பாட்டுப் போட்டி, சமையல் போட்டி, ஒரு வீட்டுக்குள் பத்துப் பதினைந்து பேரைப் பூட்டிவைத்துச் சண்டை மூட்டிவிடுகிற நிகழ்ச்சி, எல்லாம் பார்ப்பவன்.

ஆரணியில் பட்டு நெய்கிறவன் பகல் முழுக்கத் தறிக் குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்திருக்கிறான். கண் பாவு நூலில் இருக்கும், கை ஊடை ஓட்டுகிற நாடாவில் இருக்கும், கால் மிதியில் இருக்கும். காதுக்கு மட்டும் வேலை இல்லை. அதனால் பகலில் மறு ஒளிபரப்புகளைக் காதால் கேட்பேன். சாயங்காலம் தறியை விட்டு எழுந்து, கை கால் கழுவிக்கொண்டு, எட்டு மணிக்குச் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்து புது எபிசோடைக் கண்ணால் பார்ப்பேன்.

பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டால் ஒரு வம்பும் இல்லை. நான் கருத்துச் சொல்வேன். அதுவும் சத்தமாக, திரையில் இருக்கிறவர்களைப் பார்த்து, தெருவில் போகிறவன் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. என் மனைவி எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மறுநாளைக்கு நாடாவில் போடுகிற தார்க்குச்சிகளில் நூல் சுற்றிக்கொண்டிருப்பாள்.

"அவங்களுக்குக் கேக்கப் போவுதா இன்னா? இன்னாத்துக்கு இப்பிடிக் கத்திகினு கீறீங்க?" என்பாள்.

அவர்களுக்குக் கேட்காது என்று எனக்கும் தெரியும். கேட்கிற ஆள் ஒருவன் இருந்தான். அவன் என் தம்பி.

எங்கள் வீடு அப்பா கட்டியது. நீளமான கூடம், அதில் அடுத்தடுத்து இரண்டு குழித்தறிகள். ஒன்றில் நான், ஒன்றில் தம்பி. அப்பாவும் அம்மாவும் போன பிறகு வீட்டைப் பிரித்துக்கொள்வது என்று முடிவாகி, கூடத்தின் நடுவே சுவர் வைத்தோம். தறி இருக்கிற கூடத்தில் சுவரை நூல் பிடித்தமாதிரி கொண்டுபோக முடியாது. பாவு நூலை இழுத்துக் கட்ட இடம் வேண்டும், தறியைச் சுற்றி ஆள் நடக்க வேண்டும். கொத்தனார் என் தறி வரும் இடத்தில் கொஞ்சம் வளைத்துக் கொடுத்தார். அந்த வளைவில் தன் பக்கம் அரை முழம் போய்விட்டது என்றான் தம்பி. போகவில்லை என்றேன் நான். அவன் முழக்கோல் கொண்டுவந்தான். நான் அதைப் பிடுங்கித் தெருவில் எறிந்தேன். அன்றோடு பேச்சு நின்றது. இன்றைக்கும் அந்தச் சுவர் என் கண்ணுக்கு நேராகத்தான் தெரிகிறது.

கொத்தனார் சுவரை முழுதாக மேலே கொண்டுபோய் முட்டவைக்கவில்லை. விட்டம் இரண்டு வீட்டுக்கும் பொது, அதற்குக் கீழே ஒரு சாண் விட்டுவைக்கிறேன், நீங்களே ஒரு பலகை வாங்கி அடைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பலகையை யார் வாங்குவது என்று இருவரும் காத்திருந்தோம். இன்னும் அது திறந்தேதான் இருக்கிறது. அந்தச் சந்து வழியாக அவன் வீட்டுக் கருவாட்டு வாசனை வரும், தறிச் சத்தம் வரும், அவன் தும்மினால் கேட்கும்.

டிவியும் கேட்கும். அவன் வீட்டில் கேபிள், எங்கள் வீட்டில் டிஷ். ஒரே சேனல், ஒரே எபிசோட்தான், ஆனால் அவனுடைய டிவி எங்களுடையதைவிடச் சில நொடி முந்தி ஓடும். இங்கே கதாநாயகி மாடிப்படியில் கால் வைத்துக்கொண்டிருக்கும்போதே அங்கே "ஐயையோ" என்று குரல் கேட்டுவிடும். சரி, விழப்போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிடும். இது எனக்கு மகா எரிச்சல். இத்தனை வருடங்களில் ஒரு திருப்பத்தையும் நான் அவனுக்கு முன்னால் பார்த்ததில்லை.

பேச்சு இல்லை என்றேன். ஆனால் எட்டு மணிக்கு நாங்கள் இரண்டு பேரும் டிவியோடு பேசினோம். எப்படி ஆரம்பித்தது என்று நினைவில்லை. பாட்டுப் போட்டியில் ஒரு பெண் பாட வந்தாள். பாடுவதற்கு முன்னால் அவள் வீட்டைக் காட்டினார்கள். ஒழுகுகிற கூரை, கீழே வைத்த பாத்திரம், அதில் சொட்டுகிற தண்ணீர், சோகமாக ஒரு புல்லாங்குழல். அவள் வாயைத் திறப்பதற்குள் நடுவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பாட்டுக்கு மார்க் போடுங்கய்யா, கூரைக்குப் போடாதீங்க" என்றேன்.

கொஞ்ச நேரத்தில் சுவருக்கு மேலே இருந்து, "ஒழுவற கூரைக்குக் கீழ உக்காந்து பாட்டு கத்துகினு வந்தவளுக்குக் கூடவே ரெண்டு மார்க் போட்டா இன்னா கொறஞ்சி போவுது" என்று பதில் வந்தது. அவனும் டிவியைப் பார்த்துத்தான் சொன்னான். என்னிடம் சொல்லவில்லை.

நான் யோசித்துப் பார்த்தேன். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அதை ஒப்புக்கொள்ள முடியாமல், அடுத்து வந்த பையனின் சட்டையைக் கிண்டல் செய்தேன்.

இப்படியே வழக்கமாகிவிட்டது. அவன் பெயரை நான் சொல்வதில்லை, என்னை அவன் அண்ணன் என்று கூப்பிடுவதில்லை. சொல்ல வேண்டியதைத் திரையில் இருக்கிறவர்களிடம் சொல்வோம். ஒருமுறை எனக்குக் கடுமையான காய்ச்சல். நாலைந்து நாள் வாயைத் திறக்காமல் படுத்திருந்துவிட்டு, பாதி குணமானதும் தறியில் போய் உட்கார்ந்தேன். அன்று எட்டு மணிக்குச் சுவருக்கு அந்தப்பக்கம் தம்பி உரக்கச் சொன்னான்: "காச்சல்னா கஞ்சிய குடிச்சிட்டு படுத்துகினு கெடக்கணும். ஜல்தி ஜல்தியா தறியில ஏறினா மறுபடியும்தான் வரும்." அன்றைய எபிசோடில் யாருக்கும் காய்ச்சல் இல்லை. கோயிலில் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார்கள். நான் மறுநாள் தறிக்குப் போகவில்லை.

பூட்டிவைத்த வீட்டு நிகழ்ச்சியைப் பற்றி எங்கள் இருவருக்கும் ஒரே கருத்துதான், அது அபூர்வம். வாரம் முழுக்க ஒருவர்மேல் ஒருவர் பழி சொல்வார்கள். நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று சத்தியம் செய்வார்கள். வாரக் கடைசியில் நடத்துகிறவர் வந்து, பதிவுசெய்த காட்சியைப் போட்டுக் காட்டுவார். சொன்னவர் முகம் தொங்கிப்போகும். அதைப் பார்க்கும்போதெல்லாம் சுவர் வைத்த நாளில் எங்கள் கூடத்தில் ஒரு கேமரா இருந்திருந்தால் என்று நினைத்துக்கொள்வேன். தம்பியும் அதையே நினைத்திருப்பான். கேமரா தன் பக்கம்தான் பேசும் என்று இரண்டு பேருக்கும் நம்பிக்கை.

தம்பிக்கு ஒரே மகள். எங்களுக்குக் குழந்தை இல்லை. ஆக, சுவரின் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து அவள் ஒருத்திதான் பிள்ளை. அவளைப் பாப்பா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டோம், இப்போது வேலூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள், இன்னும் பாப்பாதான். பெரியவர்கள் சண்டை அவளைக் கட்டுப்படுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்தால் அந்த வாசலில் செருப்பை விட்டுவிட்டு இந்த வாசல் வழியாக வெறுங்காலோடு வருவாள். என் செல்போனில் ஓட்டுப் போடும் ஆப்பை ஏற்றிக்கொடுத்தவள் அவள்தான். "இந்த வாரம் யாருக்குப் போட்டீங்க பெரியப்பா?" என்று கேட்டு, நான் சொன்னதும் தலையில் அடித்துக்கொள்வாள். நான் ஓட்டுப் போடுகிற ஆள் அந்த வாரமே வெளியேறிவிடுவது வழக்கம்.

அந்த எட்டு மணி சீரியலில் அக்கா தங்கை இரண்டு பேர். அக்காதான் கதாநாயகி, அதனால் பொறுமைசாலி. தங்கைக்கு என்ன குணம் கொடுப்பது என்று கதை எழுதுகிறவருக்கே தெரியவில்லை. ஒரு வாரம் வெகுளி, அடுத்த வாரம் திமிர்பிடித்தவள். அக்காவின் நிச்சயதார்த்தத்தன்று, வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது, பூ வாங்கிவருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போன தங்கை ஒரு பையனோடு மாலையும் கழுத்துமாகத் திரும்பி வந்து வாசலில் நின்றாள். அப்பா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். கேமரா ஒவ்வொருவர் முகத்துக்கும் மூன்று மூன்று தரம் போனது. பாட்டி முகத்துக்கு, சமையல்காரர் முகத்துக்கு, சம்பந்தமே இல்லாமல் ஒரு குத்துவிளக்குக்கு.

எனக்கு உண்மையில் கோபம் அந்தப் பெண்மேல் இல்லை. பையனை வீட்டில் சொல்ல அவளுக்கு இருநூறு எபிசோட் இருந்தது. சொல்லவைக்காமல் இந்த ஒரு காட்சிக்காக இழுத்து இழுத்துக் கொண்டுவந்து நிறுத்தினார்களே, அந்தக் கோபம். தம்பி எப்படியும் அந்தப் பெண்ணுக்குப் பரிந்துகொண்டுதான் பேசுவான் என்றும் தெரியும். அவனை முந்திக்கொள்ள வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. கையில் சோற்றுருண்டையை வைத்துக்கொண்டே கத்தினேன்.

"உள்ள விடாத! சொல்லிகினே கீறேன், உள்ள விடாத. பெத்தவங்க மானத்த வாங்கிட்டு மாலையும் கழுத்துமா வந்து நிக்கிது, இதுக்கு ஆரத்தி வேறயா? இப்பிடி ஒண்ணு எங்க வீட்ல நடந்துச்சின்னா அந்த வாசப்படிய நான் மிதிக்கவே மாட்டேன்!"

கடைசி வாக்கியம் எனக்கே நன்றாக இருந்தது. பதில் வருகிறதா என்று காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. இதற்கு அவனிடம் பதில் இல்லை, ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு ரசம் ஊற்றச் சொன்னேன்.

அடுத்த நாளும் அவன் பேசவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை பாப்பா ஊருக்கு வந்திருந்தாள், சுவருக்கு மேலே அவள் குரல் கேட்டது, ஆனால் இந்தப் பக்கம் வரவில்லை. இந்த வாரம் யாருக்கு ஓட்டுப் போடட்டும் என்று செல்போனில் கேட்டு அனுப்பினேன். வெகுநேரம் கழித்து ஒரு கட்டைவிரல் படம் மட்டும் வந்தது. கட்டைவிரலுக்கு எப்படி ஓட்டுப் போடுவது?

என் மனைவிக்கு விஷயம் தெரிந்திருந்தது. அவளும் தம்பி மனைவியும் காலையில் தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது பேசிக்கொள்வார்கள். சுவர் எங்கள் இரண்டு பேருக்கு நடுவில்தான், அவர்களுக்கு நடுவில் இல்லை. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, நான் தறியில் இருக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"பாப்பா ஒரு பையன சொல்லிகினு கீது. கூட வேல செய்யறவனாம், ஊரு படவேட்டுப் பக்கம். வேற சாதி. ஒளிச்சி மறச்சி ஒண்ணும் பண்ணல, நேரா அப்பன்கிட்டதான் வந்து சொல்லிச்சி. உங்க தம்பியும் போயி பாத்துட்டு வந்தாரு. அவருக்குப் புடிச்சிப் போச்சி."

நான் நாடாவை நிறுத்தினேன். "நமக்கு ஏன் சொல்லல?"

"சொல்லத்தான் இருந்தாரு. அண்ணன்கிட்ட நேர்ல போயி, நீதான் முன்ன நின்னு தட்டு மாத்தணும்னு கேக்கறதா இருந்தாராம். சட்டகூட மாத்திகினு, சீரியல் முடிஞ்சதும் போலாம்னு உக்காந்துகினு இருந்தாராம்."

"அப்பறம் இன்னா?"

"அதான் நீங்க தீர்ப்பு சொல்லிட்டீங்களே" என்றாள். "வாசப்படிய மிதிக்க மாட்டேன்னு. பாப்பாவும் லீவு போட்டுட்டு வந்து அங்கதான் இருந்துச்சாம். சாப்ட்டுகினு இருந்தது தட்ட வெச்சிட்டு எழுந்திடுச்சாம்."

"ஏய், அது சீரியலுக்குச் சொன்னது" என்றேன்.

"அவங்களுக்கு எப்பிடித் தெரியும்? கஞ்சிய குடிச்சிட்டு படுன்னு அவுரு சொன்னாரே, அது சீரியலுக்கா?"

அவள் சொன்னது சரி. பல வருடங்களாக நாங்கள் திரையில் இருக்கிறவர்களை முன்னே நிறுத்திக்கொண்டு எங்களுக்குள் பேசியிருக்கிறோம். இதில் இது மட்டும் கதைக்கு, இதை எடுத்துக்கொள்ளாதே என்று அவனுக்கு நான் எப்போது சொன்னேன்? தெருவில் போகிறவனுக்கு நான் கத்தியது வெறும் சத்தம். சுவருக்கு அந்தப்பக்கம் மூன்று பேருக்கு அது குடும்பத்தில் மூத்தவனின் முடிவு.

அன்று பகல் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நான் உண்மையாகவே அப்படி நினைக்கிறவன்தானா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். டீக்கடையில் யாராவது இந்தப் பேச்சை எடுத்திருந்தால் நாலு பேர் சொல்வதைத்தான் நானும் சொல்லியிருப்பேன், அதில் சந்தேகம் இல்லை. சாதி, மானம், ஊர் என்று எல்லாம் வரிசையாக வாயில் வந்திருக்கும். ஆனால் பாப்பாவை நினைத்துக்கொண்டு அந்தக் கோபத்தைத் தேடினால் அது கிடைக்கவில்லை. அவள் ஒரு பையனைப் பிடித்திருக்கிறது என்கிறாள், அவ்வளவுதான். எனக்கு வந்த ஒரே வருத்தம், எனக்குக் கடைசியில்தானே தெரிந்தது என்பது. முகம் தெரியாத ஒரு நடிகைக்கு இவ்வளவு கடுமையாகத் தீர்ப்புச் சொல்ல முடிந்தது, அவளை எனக்குத் தெரியாததால்தான். டிவி பார்க்கிறவர்களின் கருத்துகள் பெரும்பாலும் அப்படிப்பட்டவை என்று நினைக்கிறேன். அந்தக் கதைக்குள் நம் வீட்டு ஆள் ஒருவர் இருந்தால் பாதியை நாம் சொல்லவே மாட்டோம்.

"போயி சொல்லிட்டு வாங்க" என்றாள் மனைவி.

போக முடியாது. எங்கள் பக்கத்தில் ஒரு முறை இருக்கிறது. பெண்ணின் அப்பா அம்மா இருவரும் வெற்றிலை பாக்குத் தட்டோடு முதலில் பங்காளி வீட்டுக்கு வந்து கூப்பிட வேண்டும். கூப்பிடாத வீட்டுக்கு, அதுவும் வருடக்கணக்கில் பேச்சில்லாத வீட்டுக்கு, கல்யாணப் பேச்சு நடக்கிற நேரத்தில் மூத்தவன் தானாகப் போய் நின்றால் நிறுத்தத்தான் வந்திருக்கிறான் என்று நினைப்பார்கள். இது வெளியே சொல்லத்தக்க காரணம். உள்ளே இன்னொன்றும் இருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. பாப்பா என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டால் என்ன செய்வது என்று பயமாகவும் இருந்தது.

எந்த வழியாகச் சொன்னேனோ அதே வழியாகத் திருப்பிச் சொல்லிவிடலாம் என்று முடிவுசெய்தேன். சீரியலில் அந்தப் பெண் இன்னும் வாசலில்தானே நிற்கிறாள்? அப்பா மனம் மாறி அவளை உள்ளே கூப்பிடுகிற காட்சி வராமலா போகும்? அது வரும்போது, முன்பைவிட உரக்க, என் மனதில் இருப்பதைச் சொல்லிவிடலாம்.

சீரியல் என்னை வைத்துச் செய்த வேடிக்கையை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. மறுநாள் பாதி எபிசோடுக்கு முந்தின நாள் காட்சியையே திரும்பப் போட்டார்கள். அப்புறம் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு வாரம். டாக்டர் வெளியே வந்து கண்ணாடியைக் கழற்றுவதற்கே ஒரு நாள் ஆனது. அப்புறம் இந்தச் சீரியல் குடும்பமும் ஒன்பது மணி சீரியல் குடும்பமும் ஒரே கோயில் திருவிழாவுக்குப் போனார்கள், அது ஒரு வாரம். கதாநாயகிக்குப் பழைய நினைவு எல்லாம் போய்விட்டது. அந்தத் தங்கையை ஒரு தோழி வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு எல்லாரும் மறந்துவிட்டார்கள். நான் ஒருவன்தான் அவளுக்காகக் காத்திருந்தேன். ஒருநாள் அவள் வந்தாள், பார்த்தால் வேறொரு நடிகை. இனி இவருக்குப் பதில் இவர் என்று கீழே எழுத்து ஓடியது. அன்றும் அவள் தோழியோடு காய்கறி வாங்கிவிட்டுப் போனாள், வீட்டு வாசலுக்கு வரவில்லை. எனக்குப் பேஜாராகிவிட்டது.

பொறுக்க முடியாமல் வேறு நிகழ்ச்சிகளில் முயன்று பார்த்தேன். நடனப் போட்டியில் ஓர் அப்பாவும் மகளும் சேர்ந்து ஆடினார்கள். ஆட்டம் சுமார்தான். நான் எழுந்து நின்று, "அப்பன்னா இவன்தாண்டா அப்பன்! பொண்ணு சந்தோசம்தான் முக்கியம், மத்தவன் இன்னா சொன்னா இன்னா!" என்று சுவருக்கு மேலே பார்த்துக் கத்தினேன். அந்தப்பக்கம் ஒரு அசைவும் இல்லை. அப்போதுதான் கவனித்தேன். எனக்கு முன்னால் ஓடுகிற அந்தக் குரல், சில நொடி முந்தி வருகிற அந்த டிவிச் சத்தம், எதுவுமே கேட்கவில்லை.

"டிவிய உள்ரூமுக்கு மாத்திட்டாங்க" என்றாள் மனைவி, தார் சுற்றுவதிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

"ஏன்?"

"ஏன்னு இன்னா கேள்வி? பாப்பா வர்றப்ப உங்க சத்தம் அது காதுல விழக்கூடாதுன்னுதான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பேச்சு நின்ற நாளில்கூட நான் அழவில்லை. இத்தனை வருடம் பேசாமல் இருந்தோம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேனே, அது பொய். தினமும் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறோம். பேச்சு இப்போதுதான் நின்றது.

அதற்கப்புறம் எட்டு மணி எனக்குப் பிடிக்காமல் போனது. திருப்பங்கள் எல்லாம் எனக்குத்தான் முதலில் வந்தன. விழுகிறவள் திடீரென்று விழுந்தாள். அதில் ஒரு ருசியும் இல்லை.

ஒருநாள் குழாயடியிலிருந்து வந்த மனைவி குடத்தை இறக்கிவைக்காமலேயே சொன்னாள்: "வெள்ளிக்கெழம தட்டு மாத்தறாங்க. மாப்ள வீட்ல கேட்டாங்களாம், பொண்ணுக்குப் பெரியப்பா ஒருத்தர் இருக்காராமே, அவரு வரலியான்னு."

"இன்னா சொன்னாங்களாம்?"

"பாப்பா எழுந்து உள்ள போயிடுச்சாம்."

அதே வாரம் சீரியல் முன்னோட்டத்தில் அந்தத் தங்கை மறுபடி வாசலில் வந்து நிற்பதைக் காட்டினார்கள். வியாழக்கிழமை எபிசோட் என்று போட்டார்கள். இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று நினைத்துக்கொண்டேன். சொல்ல வேண்டியதை மனதுக்குள் இரண்டு நாளாகச் சொல்லிப் பார்த்தேன். வியாழக்கிழமை எட்டு மணிக்குத் தட்டை வாங்கிக்கொள்ளாமலேயே டிவி முன்னால் உட்கார்ந்தேன். சுவருக்கு அந்தப்பக்கம் விளக்கு எரிந்தது, தறிச் சத்தம் கேட்டது. தம்பி ஏதோ முடிக்க வேண்டிய வேலையில் இருந்தான். டிவி உள்ளே இருந்தாலும் அவன் கூடத்தில்தான் இருந்தான். என் குரல் அவனுக்குக் கேட்கும்.

விளம்பரம் எல்லாம் முடிந்து கடைசியில் காட்சி வந்தது. தங்கை வந்து நின்றாள். அப்பா என்று கூப்பிட்டாள். அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தார். கண்ணில் தண்ணீர். உதடு துடித்தது. நானும் வாயைத் திறந்து தயாராக இருந்தேன். அவர் அவளைப் பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே கதவைச் சாத்திவிட்டார். தொடரும் என்று போட்டுவிட்டார்கள்.

நான் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தேன். இந்த ஆளிடம் இனி என்ன சொல்வது? திட்டலாம். கதவைத் திறடா என்று கத்தலாம். கத்தினால் சுவருக்கு அந்தப்பக்கம் இருப்பவன் அது யாருக்குச் சொன்னது என்று மறுபடி ஊகிக்க வேண்டும். என் தம்பி மகளின் நிச்சயதார்த்தம் நாளைக்கு. நான் முன்பின் தெரியாத ஒரு நடிகரிடம் போய் மன்றாடிக்கொண்டிருக்கிறேன். எனக்கு என்மேலேயே கோபம் வந்தது. ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தேன்.

பத்து மணிக்கு முன்னால் எங்கள் வீட்டு டிவி அணைந்ததே கிடையாது. அந்த அமைதி அந்தப்பக்கமும் போயிருக்க வேண்டும். தறி நின்றது.

"தம்பி" என்றேன்.

என் குரல் எனக்கே யாரோ பேசுவதுபோல இருந்தது. மனைவி கையில் இருந்த தாரைக் கீழே வைத்தாள்.

"அன்னிக்கி நான் சொன்னது தப்புடா. வாயி கொழுத்துப் போயி சொல்லிட்டேன். பாப்பாவுக்குப் புடிச்சிருந்தா எனக்கும் புடிக்கும். நாளைக்குத் தட்டு மாத்தறப்ப நான் நிக்கிறேன்."

அவன் குழியிலிருந்து எழுந்து சுவர் அருகே வருவது கேட்டது. அப்புறம் மெதுவாகக் கேட்டான்:

"சீரியலுக்கா சொல்ற?"

"டிவிய அணைச்சிட்டேன்டா. நம்ம பொண்ணுக்குச் சொல்றேன்."

அந்தப்பக்கம் யாரோ நடந்தார்கள். மெல்லப் பேசிக்கொள்கிற சத்தம் கேட்டது. அவர்கள் வீட்டுத் தெருக்கதவு திறந்தது. பிறகு எங்கள் வாசலில் பாப்பா வந்து நின்றாள். தலையில் எண்ணெய், கண்ணெல்லாம் சிவந்திருந்தது. எப்போதும் கேட்காமல் உள்ளே வருகிறவள் படிக்கு வெளியே நின்றுகொண்டே பேசினாள்.

"பெரியப்பா, அப்பா கேட்டுகினு வரச் சொன்னாரு. காலைல அம்மாவும் அவுரும் வெத்தல பாக்கோட வந்து கூப்ட்டா வருவீங்களான்னு."

"கூப்டாட்டியும் வருவேன்னு போயி சொல்லு" என்றேன்.

அவள் திரும்பிப் போகவில்லை. போக வேண்டிய அவசியமும் இல்லை. சுவருக்கு மேலே இருந்து தம்பியின் குரல் வந்தது.

"கேட்டுச்சி, அண்ணா."